உங்க பல்லுக்குள்ள ஃபைல் உடைஞ்சிருந்தா, உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?

1/
என் கடைவாய்ப் பல்லுக்குள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு ஆறு வருஷமா இருந்துச்சு. அது எனக்குத் தெரியாது. உள்ள விட்டவருக்குத் தெரியும்.

நானும் ஒரு டாக்டர்தான். எனக்கே சொல்லல. அப்ப உங்களுக்கு?

இது நீண்ட த்ரெட். ரூட் கேனல் பண்ணினவங்க, பண்ணப் போறவங்க, பண்ணிவிடுற டாக்டர்கள், எல்லாரும் கடைசி வரைக்கும் படிங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் பல் மருத்துவர் இல்ல. தினமும் சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் பார்க்கிற பொது மருத்துவர். பல் சம்பந்தமா இதுல இருக்கிறதை ரெண்டு பல் மருத்துவ நண்பர்கள்கிட்ட காட்டித் திருத்தி வாங்கின பிறகுதான் போடுறேன்.

ஒருத்தர், "போடாதடா, எல்லாருக்கும் கெட்ட பேரு"ன்னார். இன்னொருத்தர், "இதை நாங்களே எழுதியிருக்கணும்"னார். ரெண்டாவது ஆள் பேச்சைக் கேட்டுட்டேன்.

3/
நடந்தது இதுதான். இடது கீழ் கடைவாய்ப் பல்லு, நல்லா சொத்தை. ராத்திரி தூக்கமில்ல. ஒரு கிளினிக்ல ரூட் கேனல் பண்ணி கேப் போட்டாங்க. வலி போச்சு. காசு கொடுத்தேன், கும்பிடு போட்டேன், மறந்துட்டேன்.

ஆறு வருஷம் கழிச்சு அதே பக்கம் முறுக்கு கடிச்சா சுருக்குனு ஒரு வலி. ஈறுல சின்னதா ஒரு கொப்புளம்.

4/
இந்தத் தடவை வேற ஊர், வேற டாக்டர். இளம் வயசுப் பொண்ணு, ரூட் கேனல்லயே மேற்படிப்பு படிச்சவங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாங்க.

"சார், இந்த வேர் நுனிகிட்ட ஒரு கோடு மட்டும் பளிச்சுனு தெரியுது பாருங்க. இது ஃபில்லிங் இல்ல. உடைஞ்ச ஃபைல். உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?"

இல்லைன்னேன். அவங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

5/
அப்புறம் பழைய கிளினிக்குக்கு போன் போட்டேன். சண்டைக்கு இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான். அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. அவர் சொன்ன பதில்:

"அப்பவே சொல்லியிருந்தா நீங்க தேவையில்லாம டென்ஷன் ஆயிருப்பீங்க டாக்டர்."

இந்த த்ரெட் முழுக்க அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

6/
என் வாதத்தை முதல்லயே வெச்சுடுறேன்.

ஃபைல் உடையறது குற்றம் இல்ல. உலகத்துலயே கைதேர்ந்த பல் டாக்டர் கையிலயும் உடையும்.

உடைஞ்சதை நோயாளிகிட்ட சொல்லாம, மேல ஃபில்லிங் போட்டு மூடி, கேப்பும் மாட்டி, முழு ஃபீஸும் வாங்கி அனுப்புறது குற்றம். அதுக்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

7/
முதல்ல ஃபைல்னா என்னன்னு பார்த்துடுவோம். நம்ம ஆளுங்க "ஊசி"ன்னு சொல்றது அதைத்தான். ஆனா அது குத்துற ஊசி இல்ல. தச்சுப் பட்டறையில இருக்குமே அரம், அதோட மகா சின்னத் தம்பி. பல்லு வேருக்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற குழாயைச் சுரண்டி அகலமாக்கறது இதோட வேலை.

8/
எவ்வளவு சின்னது? கைப்பிடியில ஒரு நம்பர் இருக்கும். 10ன்னா நுனி 0.10 மி.மீ. கிட்டத்தட்ட தலைமுடி கனம். 25ன்னா 0.25 மி.மீ. குழப்பம் வரக் கூடாதுன்னு கலரும் உண்டு. 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கருப்பு.

இந்தக் கம்பியை வளைஞ்ச வேருக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, வாயைத் திறக்க முடியாம முனகுற ஒரு மனுஷனுக்குள்ள விட்டுச் சுத்தணும். லேசான வேலை இல்ல. அந்த மரியாதையோடதான் எழுதுறேன்.

9/
இதோட கதை கடிகாரத்துல ஆரம்பிக்குது. 1838ல எட்வர்ட் மேனார்டுங்கிற அமெரிக்க பல் மருத்துவர் கடிகார ஸ்பிரிங்கைத் தேய்ச்சு முதல் கருவியைப் பண்ணினார்னு சொல்லுவாங்க. அப்புறம் 1915 வாக்குல கெர் கம்பெனி முறுக்கின எஃகுக் கம்பியில ஃபைல் பண்ணுச்சு. இன்னிக்கும் டாக்டருங்க "கே-ஃபைல்"னு சொல்றாங்களே, அந்த "கே" அந்தக் கம்பெனிதான்.

10/
எஃகு ஃபைல் விறைப்பா இருக்கும். வளைஞ்ச வேருக்குள்ள போனா வளைவைப் பின்தொடராம நேரா குடைஞ்சுட்டுப் போகப் பார்க்கும். அதுக்கு மாற்றா 1988ல வாலியாவும் அவர் கூட இருந்தவங்களும் நிக்கல்-டைட்டானியம் கம்பியில ஃபைல் பண்ணிக் காட்டினாங்க. பல் வரிசையைச் சரி பண்ற கம்பியிலிருந்து எடுத்த யோசனை. ரப்பர் மாதிரி வளையும், விட்டா நேராயிடும்.

இன்னிக்கு மோட்டார்ல மாட்டிச் சுத்துற ஃபைல் பெரும்பாலும் இந்த உலோகம்தான். ஒரு மணி நேர வேலை பாதியாச்சு.

11/
ஆனா இதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஃகு ஃபைல் உடையறதுக்கு முன்னாடி பெரும்பாலும் முறுக்கு பிரிஞ்சு காட்டும். உத்துப் பார்த்தா தெரியும், தூக்கிப் போட்டுடலாம். நிக்கல்-டைட்டானியம் பல சமயம் எந்த அடையாளமும் காட்டாம பட்டுனு போயிடும்.

12/
ஏன் உடையுது? ரெண்டு காரணம்.

ஒண்ணு, களைப்பு. ஒரு கம்பியை ஒரே இடத்துல முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? வளைஞ்ச வேருக்குள்ள ஃபைல் ஒவ்வொரு சுத்துக்கும் அப்படித்தான் வளைஞ்சு நிமிருது. நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான தடவை.

ரெண்டு, முறுக்கல். நுனி எங்கயோ மாட்டிக்கும், மோட்டார் மேல சுத்திக்கிட்டே இருக்கும். துருப்பிடிச்ச திருகாணியைத் திருகுறப்ப தலை மட்டும் கையோட வருமே, அதே கதை.

13/
அதனால இது நடக்கும். ஆஸ்திரேலியாவுல ஸ்பிலி, பராஷோஸ், மெஸ்ஸர் மூணு பேரும் 8,460 சிகிச்சைப் பதிவுகளை அலசி 2005ல வெளியிட்டாங்க. அதுல 3.3 சதவீதப் பல்லுல உடைஞ்ச துண்டு உள்ளயே தங்கியிருந்துச்சு. அதுவும் ரூட் கேனலுக்குன்னே படிச்ச நிபுணர்கள் பார்த்த கேஸ்கள்.

நிபுணருக்கே இந்த நிலைமை. அப்ப "என் கையில இதுவரைக்கும் ஒண்ணுகூட உடைஞ்சதில்ல"ன்னு எந்த டாக்டராவது சொன்னா, அவர் ரொம்பக் கம்மியா பண்ணியிருக்கார், இல்ல உங்ககிட்ட உண்மையைச் சொல்லல.

14/
இனி நீங்க பயப்படுற விஷயம். உள்ள உடைஞ்சு இருந்தா பல்லு போச்சா?

பெரும்பாலும் இல்ல. அதே ஆய்வுல, துண்டு தங்கின பற்கள்ல 91.8 சதவீதம் ஆறிடுச்சு. துண்டு இல்லாத, மத்தபடி அதே மாதிரி பற்கள்ல 94.5. பெரிய வித்தியாசம் இல்ல. ஏற்கனவே வேர் நுனியில சீழ்க்கட்டு இருந்த பற்கள்ல மட்டும் ஆறுறது கொஞ்சம் குறைவு.

15/
காரணம் லேசானது. அந்த உலோகம் விஷம் இல்ல. கேன்சர் வரவைக்காது. "உடம்பெல்லாம் ஓடி இதயத்துக்குப் போயிடும்"னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. வேருக்குள்ள இறுகி மாட்டின துண்டு ரத்தத்துல நீந்தாது.

பிரச்சனை துண்டு இல்ல, துண்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட கிருமி. ஃபைல் வழி போடுது, அந்த வழியா ஊத்துற சோடியம் ஹைப்போகுளோரைட் மருந்துதான் கிருமியைக் கொல்லுது. வழி அடைச்சா மருந்து போகாது.

16/
அதனால எப்ப உடைஞ்சதுங்கிறதுதான் முக்கியம். நல்லா சுத்தம் பண்ணி முடிக்கிற நேரத்துல உடைஞ்சா, அந்தத் துண்டே அடைப்பான் மாதிரி இருந்துட்டுப் போயிடும். ஆரம்பத்துலயே, சீழ் இருக்கிற பல்லுல உடைஞ்சா, கிருமியை உள்ள வெச்சுப் பூட்டின மாதிரி.

இந்த வித்தியாசம் உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அன்னிக்கு அந்த நாற்காலி பக்கத்துல நின்ன டாக்டருக்கு. அவர் சொல்லலைன்னா அடுத்துப் பார்க்கிற டாக்டர் இருட்டுல தடவணும்.

17/
உடைஞ்ச பிறகு என்ன பண்ணலாம்? அப்படியே விட்டுட்டு எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்கலாம். சின்ன ஃபைலால அது பக்கத்துலயே வழி கண்டுபிடிச்சுத் தாண்டிப் போகலாம். மைக்ரோஸ்கோப் வெச்சு, அல்ட்ராசானிக் அதிர்வு கொடுத்து எடுக்கலாம். ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கலாம். கடைசியா, பல்லைப் பிடுங்கலாம்.

18/
ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருக்கு. துண்டை எடுக்கணும்னா சுத்தியிருக்கிற பல்லையும் கொஞ்சம் செதுக்கணும். வேர் மெலியும், பின்னாடி விரிசல் விடலாம். விட்டு வெச்சா வருஷா வருஷம் பார்க்கணும். சர்ஜரின்னா செலவு, வலி.

இதுல எது சரின்னு பல்லு யாரோடதோ அவங்கதான் டாக்டரோட பேசி முடிவெடுக்கணும். சொல்லாம மூடினவர் என்கிட்ட திருடினது அந்த முடிவை. "டென்ஷன் ஆயிருப்பீங்க"ன்னு எனக்காக அவரே முடிவெடுத்துட்டார்.

19/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருந்தா என் பல்லு கெட்டிருக்காதா? தெரியாது. சொல்லியிருந்தாலும் கெட்டிருக்கலாம். ஆனா நான் ஒரு வருஷத்துல எக்ஸ்ரே எடுத்திருப்பேன். வேர் நுனியில கறுப்பு நிழல் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம். எலும்பு இவ்வளவு கரைஞ்சிருக்காது. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்ல.

20/
இனி மறைக்கிறவங்க சொல்ற சமாதானங்களுக்கு வருவோம். என் தொழில்லயும் இதே சமாதானங்கள்தான், அதனால எல்லாமே எனக்கு அத்துப்படி.

சமாதானம் 1: "பேஷண்ட் பயந்துடுவாங்க."

சர்க்கரை 400 இருக்குன்னு சொன்னாலும் பயப்படுறாங்க. அதுக்காகச் சொல்லாம விடுறோமா? பயம் வந்தா உட்கார வெச்சுப் புரிய வைக்கிறதுதான் நம்ம வேலை.

21/
சமாதானம் 2: "ஒண்ணும் ஆகாத விஷயம், எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

ஒண்ணும் ஆகாதுன்னு அவ்வளவு உறுதின்னா சொல்றதுல என்ன கஷ்டம்? "சார், ஒரு சின்னத் துண்டு உள்ள நின்னுடுச்சு, பெரும்பாலும் தொந்தரவு வராது, ஆறு மாசத்துல ஒரு எக்ஸ்ரே பார்ப்போம்." பத்து செகண்ட் கூட ஆகாது. சொல்ல நாக்கு வரலைன்னா அது நோயாளிக்கான பயம் இல்ல, நமக்கான பயம்.

22/
சமாதானம் 3: "சண்டைக்கு வருவாங்க, கேஸ் போடுவாங்க."

இந்த பயம் நிஜம். ஆஸ்பத்திரிகள்ல டாக்டர்கள் அடி வாங்குற நாட்டுல இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

23/
காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995ல வி.பி. சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சரி. ஆனா அதே சுப்ரீம் கோர்ட் 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல, ஒரு விபத்து நடந்ததாலயே அது கவனக்குறைவு ஆயிடாதுன்னும் சொல்லியிருக்கு. 2008ல சமீரா கோலி வழக்குல, சிகிச்சை பத்தின விவரம் தெரிஞ்சு சம்மதிக்கிறது நோயாளியோட உரிமைன்னும் சொல்லியிருக்கு.

மூணையும் சேர்த்துப் படிங்க. உடைஞ்சதுக்கு உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கு. மறைச்சதுக்கு என்ன பாதுகாப்பு இருக்கு?

24/
இன்னொண்ணு. எக்ஸ்ரே பொய் சொல்லாது. இன்னிக்கு இல்லைன்னா ஆறு வருஷம் கழிச்சு வேற ஒரு டாக்டர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுவார். அன்னிக்குச் சொல்லியிருந்தா "பரவால்ல டாக்டர்"னு போயிருக்கிற ஆள், அன்னிக்குத்தான் வக்கீலைத் தேடுவார்.

25/
"நீ ரொம்ப யோக்கியமா?"ன்னு கேட்பீங்க. கேட்கணும். பதில் சொல்றேன்.

நான் மேற்படிப்பு படிச்ச காலம். ஒரு அம்மாவுக்கு நுரையீரலைச் சுத்தி நீர். ஊசி போட்டு எடுத்தேன். எடுக்கும்போது நுரையீரல்ல பட்டு காத்து புகுந்துடுச்சு. பாடப் புத்தகத்துலயே இருக்கிற சிக்கல்தான். டியூப் போட வேண்டியதாச்சு.

26/
வெளிய நின்ன மகன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நோய் கொஞ்சம் முத்திடுச்சு, அதனால டியூப் போடுறோம்."

அந்த அம்மா பிழைச்சாங்க. வீட்டுக்குப் போற அன்னிக்கு என் கையைப் பிடிச்சு, "நீதாம்பா காப்பாத்துனே"ன்னாங்க. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.

அந்தப் பழத்தை என்னால சாப்பிட முடியல. இன்னிக்கும் அந்தப் பொய் எனக்குள்ள கிடக்கு. அதனாலதான் அந்த பல் டாக்டரை நான் திட்டல. ஆனா அவர் செஞ்சது சரின்னு சொல்லவும் மாட்டேன், நான் செஞ்சதும் சரி இல்ல.

27/
அடுத்து, தவிர்க்கக்கூடிய உடைப்பு. இங்கதான் எனக்கு நிஜமாவே கோபம் வருது.

"ரூட் கேனல் 1,499 மட்டுமே!"ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. நல்ல கம்பெனி ரோட்டரி ஃபைல் பாக்கெட் ஒண்ணோட விலையே அந்தத் தொகையைத் தாண்டிடலாம். அப்புறம் வாடகை, கரண்ட், நர்ஸ் சம்பளம், மரப்பு ஊசி, எக்ஸ்ரே. கணக்கு எப்படி உதைக்காம இருக்கு? ஒரே ஃபைல் எத்தனை பேர் வேருக்குள்ள போயிட்டு வருதுங்கிறதுலதான்.

28/
ஃபைல் பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. நிறைய பாக்கெட்ல ஒரு வட்டத்துக்குள்ள 2ன்னு போட்டு மேல குறுக்குக்கோடு இழுத்திருப்பாங்க. ரெண்டாவது தடவை பயன்படுத்தாதேன்னு அர்த்தம்.

கம்பெனிக்காரன் விற்பனைக்காகப் போட்டதுன்னு சிலர் சொல்லுவாங்க. அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா களைப்புங்கிறது உலோகத்தோட குணம், கம்பெனியோட தந்திரம் இல்ல. முன்னாடி நாலு வளைஞ்ச வேர்ல சுத்தின ஃபைல், அஞ்சாவதா உங்க வேருக்குள்ள வரும்போது எவ்வளவு உயிரோட இருக்குன்னு வெளிய தெரியாது.

29/
இங்கிலாந்துல 2007ல தலைமை பல் மருத்துவ அதிகாரி, ரூட் கேனல் ஃபைலை ஒரு நோயாளியோட தூக்கிப் போடுங்கன்னு அறிவுறுத்தினார். அங்க காரணம் வேற. மாட்டு மூளைக் காய்ச்சலோட மனித வடிவத்தை உண்டாக்குற ப்ரையான், சாதாரண ஆட்டோகிளேவ்ல சாகாதுங்கிற பயம். ஆனா நமக்கும் அதுல ஒரு பாடம் இருக்கு. ஃபைலோட அந்தச் சின்னப் புரிகளுக்குள்ள ஒட்டினதை முழுசா கழுவி எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

30/
இங்க எல்லா டாக்டரும் ஒரு தடவையோட தூக்கிப் போடணும்னு நான் சொல்லல. அப்படிச் சொன்னா ஏழைக்கு ரூட் கேனலே கிடைக்காது, பல்லைப் பிடுங்கிட்டுப் போவாங்க. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனா திரும்பப் பயன்படுத்தினா ஒழுங்கோட பண்ணுங்க. தேய்ச்சுக் கழுவி, ஆட்டோகிளேவ் பண்ணி, எத்தனை தடவைன்னு எண்ணி, பூதக்கண்ணாடியில பார்த்து, ரொம்ப வளைஞ்ச வேர்ல ஓடினதை அன்னிக்கே குப்பையில போட்டு. நான் கேட்கிறது அந்த எண்ணிக்கை நோட்டை. எத்தனை கிளினிக்ல அது இருக்கு?

31/
ஃபைல் விஷயத்துல இன்னொரு ஆபத்து. கை தவறி விழுந்தா நேரா தொண்டைக்குள்ள. வயித்துல ஃபைல் தெரியுற எக்ஸ்ரேயை நானே பார்த்திருக்கேன். நல்லவேளை, தானா வெளிய போயிடுச்சு. மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா வேற கதை.

இதைத் தடுக்க ஒரு ரப்பர் ஷீட் போதும். பல்லு மட்டும் வெளிய தெரியுற மாதிரி மாட்டுவாங்க, ரப்பர் டேம்னு பேரு. 1864லயே வந்தது. எச்சில் உள்ள போகாது, ஃபைல் கீழ விழாது. உங்களுக்கு ரூட் கேனல் பண்ணினப்ப இதைப் போட்டாங்களா? யோசிச்சுப் பாருங்க.

32/
இப்ப உங்க பக்கம். ஆமா, படிச்சுக்கிட்டிருக்கிற நீங்கதான்.

போனை எடுத்தா முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" அடுத்தது "பக்கத்துத் தெருவுல கம்மியா பண்றாங்களே?" மீன் மார்க்கெட் மாதிரி பேரம் பேசுறோம். "புது ஃபைலா டாக்டர்?"னு எத்தனை பேர் கேட்டிருக்கோம்? நானே கேட்டதில்ல. 1,499 போர்டு அவங்க மட்டும் மாட்டினது இல்ல, நம்ம பேரமும் சேர்ந்துதான் மாட்டுச்சு.

33/
இன்னொரு தப்பும் நம்மளோடது. முதல் சிட்டிங்ல வலி போனதும் காணாமப் போயிடுறது. வலி போனா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பாதியில விட்ட பல்லுல கிருமி நிம்மதியா குடித்தனம் நடத்தும். ஆரம்பிச்சா முடிங்க.

34/
ரூட் கேனலுக்கு முன்னாடி கேட்க வேண்டியது. எழுதி வெச்சுக்கோங்க.

அ) ஃபைல் புதுசா? இல்லைன்னா எத்தனை தடவை ஓடினது?
ஆ) ரப்பர் டேம் போடுவீங்களா?
இ) நடுவுல ஏதாவது ஆனா என்கிட்ட சொல்வீங்களா?
ஈ) முன்னாடி, முடிச்ச பிறகு எடுத்த எக்ஸ்ரே ரெண்டும் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவீங்களா?

மரியாதையா கேளுங்க. நல்ல டாக்டருக்குக் கோபம் வராது. வந்தா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

35/
டாக்டரே "ஃபைல் உடைஞ்சுடுச்சு"ன்னு சொன்னா?

கத்தாதீங்க. சொன்னவர் நல்லவர். அவரைத் திட்டினா அடுத்த நோயாளிகிட்ட சொல்ல மாட்டார். இந்த நாலையும் கேளுங்க: எந்த வேர்ல, எவ்வளவு நீளம்? சுத்தம் பண்றதுக்கு முன்னாடி உடைஞ்சதா, பின்னாடியா? இங்கயே சரி பண்ணலாமா, நிபுணர்கிட்ட போகணுமா? அடுத்த எக்ஸ்ரே எப்ப? பதிலைச் சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

36/
இது என் துறை, அதனால அழுத்திச் சொல்றேன். ரூட் கேனல் பண்ணின பல்லோ, சொத்தைப் பல்லோ, தாடைக்குக் கீழ வீக்கம், வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு வாங்குது, காய்ச்சல்னு வந்தா மாத்திரை போட்டுப் படுக்காதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. கீழ்த்தாடைப் பல்லோட சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும். சர்க்கரை இருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதை.

37/
என் பல்லு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கேப்பை வெட்டி எடுத்தாங்க. ரெண்டு சிட்டிங், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல. துண்டை எடுக்க முடியல. ஆனா பக்கத்துல 8ஆம் நம்பர் ஃபைலை நுழைச்சு, தாண்டி, சுத்தம் பண்ணிட்டாங்க. ஈறுக் கொப்புளம் போயிடுச்சு. துண்டு இன்னும் உள்ளதான் இருக்கு. இப்ப எனக்குத் தெரியும், வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கிறேன். பயம் இல்ல.

38/
நடுவுல அவங்க கையிலயும் ஒரு சின்ன ஃபைலோட நுனி பிரிய ஆரம்பிச்சுது. வெளிய எடுத்து என் கண்ணு முன்னாடி காட்டினாங்க. "சார், இது முறுக்கு விட்டுடுச்சு, தூக்கிப் போடுறேன், புதுசு எடுக்கிறேன்."

அவ்வளவுதான். நாற்காலியில வாய் திறந்து படுத்திருக்கிறவனுக்கு வேற எதுவும் தேவையில்ல. அந்த நிமிஷம் நான் அவங்களை முழுசா நம்பினேன்.

39/
பல் மருத்துவத் தோழர்களே, கோபம் இருந்தா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. சொல்லாம மூடின பல்லு ஏதாவது ஞாபகம் வந்தா, அந்த நோயாளி நம்பரைத் தேடி எடுங்க. "சும்மா ஒரு செக்கப்புக்கு வாங்க"ன்னு கூப்பிட்டு, உட்கார வெச்சு, ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுங்க.

எனக்கு அந்த அம்மாவோட நம்பர் இல்ல. உங்ககிட்ட இருக்கு.

40/
மத்தவங்க, உங்க பழைய ரூட் கேனல் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வீட்டு ஃபைல்ல வெச்சுக்கோங்க. இந்த ஃபைல் உடையாது.

அவசியம்னு தோணினா பகிருங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். பல்லு சம்பந்தமான கேள்வின்னா, தெரிஞ்ச பல் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.